மலையுச்சியில் முதியோர் மானியம்

மன்னர் முதியோருக்கு மானியம் அறிவித்தார். மலைக்கோட்டைக்கு நேரில் வந்தே பெறவேண்டும் என்று அமைச்சர் சேந்தனார் விதி செய்தார். முழங்கால் தைலத்துக்கும் வழியற்ற கிழவர் வீரணன் தட்டுத்தடுமாறி ஏறி, அரசவையில் நின்றார்.

"மலையேற வலு இருக்கிறதே! நீ முதியவன் இல்லை, போ," என்றார் அமைச்சர்.

"ஏறாமல் இருந்திருந்தால், சாமி?"

"வராதவனுக்கு எப்படிக் கொடுப்பது?"

வீரணனுக்குத் தலை சுற்றியது. "ஒன்றும் விளங்கவில்லையே! தாங்களும் இந்த மானியம் வாங்குகிறீர்களாம். தாங்கள் எப்படி மேலே வந்தீர்கள்?"

"பல்லக்கில்தான், மடையா!"

"ஓகோ, அப்படி வந்தால்தான் முதியவர் என்று ஒப்புக்கொள்வீர்களா? கீழே பலர் காத்திருக்கிறார்கள், சாமி; அந்தப் பல்லக்கை அனுப்பிவையுங்கள்."

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். மறுநாள் மானியப் பெட்டியே பல்லக்கேறி ஊருக்குள் இறங்கியது. அமைச்சர் அதைச் சுமந்து வந்தார் என்பர் சிலர். பின்னால் நடந்துதான் வந்தார் என்பர் வேறு சிலர்.