கடைசி வயலுக்கு எத்தனை நிமிஷம்?

“கணக்கு இல்லாத பொருளாதாரமே போதும் மேடம். எனக்கு நியாயம் தெரியணும். எக்ஸும் ஒய்யும் எதுக்கு?”

கேட்டவர் இருளப்பன். வயது நாற்பத்து மூன்று. கண்மாய்த் தண்ணீரை முறைவைத்து வயல்களுக்குத் திறந்துவிடுவது அவர் வேலை. பிளஸ் டூவைத் தனியாக எழுதித் தேறி, மாலைக் கல்லூரியில் சேர வந்திருந்தார்.

எதிரே பேராசிரியர் ஷாஹிதா பானு. வயது இருபத்தொன்பது. பேச்சில் கஞ்சம், பொறுமையில் தாராளம். அப்படி ஒரு ஆசிரியர் எனக்கு வாய்க்கவில்லையே என்று இன்னும் எனக்கு ஏக்கம்தான்.

மேசையில் சேர்க்கைப் படிவம். பொதுப் பொருளாதாரம், கணிதப் பொருளாதாரம் என்று இரண்டு கட்டங்கள். இருளப்பன் முதல் கட்டத்தில் டிக் போட்டிருந்தார். இன்று கடைசி நாள். கொடுத்துவிட்டால் மூன்று வருஷத்துக்கு மாற்ற முடியாது.

பானு வாதாடவில்லை. எழுந்துபோய்க் கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். சாக்பீஸை அவரிடம் நீட்டினார்.

“இது உங்க வாய்க்கால். வயலெல்லாம் எங்கே இருக்கு, குறிங்க.”

இருளப்பன் ஒன்பது புள்ளிகள் வைத்தார்.

“எப்படிப் பங்கு போடுறீங்க?”

“நாளுக்கு ஒரு வயல். கண்மாய் மடையைத் திறந்ததும் கடிகாரம் பாப்பேன். ரெண்டு மணி நேரம். தலைவர் வயலா இருந்தாலும் ஒரு நிமிஷம் கூடாது.”

அவர் நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர வேண்டியதுதான். பதினோரு வருஷத்தில் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காத மனுஷன்.

“முதல் வயலுக்குத் தண்ணி எப்போ போய்ச் சேரும்?”

“உடனே.”

“கடைசி வயலுக்கு?”

“காஞ்ச வாய்க்கால் மேடம். மண்ணு குடிச்சது போக, போய்ச் சேர முக்கால் மணி நேரம்…”

பாதியில் நிறுத்திவிட்டார்.

இருளப்பன் ஒன்பதாவது புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அது சடைச்சி அக்கா வயல். அவங்களுக்குக் கிடைச்சது ஒண்ணேகால் மணி நேரத் தண்ணிதான். தண்ணி பத்தலைன்னு வருஷா வருஷம் சண்டைக்கு வருவாங்க. ஊர்க் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் ‘பொய் சொல்லாதீங்க’ன்னு சொன்னது நான்தான்.”

பார்க்கவே பாவமாக இருந்தது.

“சரி, அவங்களுக்கு முக்கால் மணி நேரம் கூட்டிக் கொடுத்துட்டா முடிஞ்சுதா?” என்றார் பானு.

“முடியாதே மேடம். மழை பெஞ்ச மறுநாள் இருபது நிமிஷத்துல போயிரும். புல் மண்டிட்டா ஒரு மணி நேரம். நடுவுல உள்ள வயலுக்கெல்லாம் வேற வேற.”

பானுவின் கண்கள் விரிந்தன.

“இப்படி மாறிக்கிட்டே இருக்கறதைத்தான் எக்ஸ், ஒய்னு எழுதுறோம். இந்த இடத்துக்கு வந்து சேர என் மாணவர்களுக்கு ஒரு வருஷம் ஆகும்.”

“வந்து என்ன மேடம்? கணக்குப் போடத் தெரியலையே.”

இருளப்பன் மேசைக்குத் திரும்பினார். முதல் கட்டத்து டிக்கின் மேல் கோடு கிழித்தார். இரண்டாவதில் போடும்போது விரலிலிருந்த சாக்பீஸ் தூள் படிவமெல்லாம் அப்பியது.

“அக்காகிட்ட மன்னிப்பு மட்டும் கேட்டாப் பத்தாது மேடம். எத்தனை நிமிஷம்னு சொல்லணும்.”