நூற்றெட்டுத் தண்ணீர்

மார்கழி பிறந்தால் கூதிர்மலையில் முதலில் வெடிப்பவை பாதங்கள்தான்.

உச்சியில் முருகன். அடிவாரத்திலிருந்து அறுநூறு படிகள். செருப்பில்லாமல்தான் ஏற வேண்டும். பனியில் விறைத்த கருங்கல்லும் வாடைக்காற்றும் சேர்ந்து பாதி மலைக்குள் குதிகால்களைப் பிளந்துவிடும். விடிந்து பார்த்தால் படிகளில் சிவப்புப் பொட்டுகள். குங்குமம் என்று நினைத்துத் தொட்டுக் கும்பிட்டவர்கள் உண்டு. குங்குமமல்ல, ரத்தம்.

அந்த ரத்தத்தைக் கண்டு பொறுக்காதவர் ஒருவர்தான். மயிலாத்தாள் அம்மையார்.

அடிவாரத்து மடைப்பள்ளியில் சாம்பலும் புளியும் வைத்துப் பாத்திரம் தேய்ப்பது அவர் பிழைப்பு. கூலி, மத்தியானம் ஒரு பட்டைச் சோறு. அவருடைய கணவர் காட்டில் மரமேறிக் குங்கிலியப் பிசின் எடுத்தவர். ஒரு மார்கழியில் கால் வழுக்கி விழுந்து இறந்தார். பிணத்தோடு வந்த பையில் ஒரு கைப்பிடிக் குங்கிலியம் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மையார் அந்தப் பையை அவிழ்த்தார். அழவில்லை. அடுப்பு மூட்டினார்.

நல்லெண்ணெயைக் காய்ச்சி, பொடித்த குங்கிலியத்தை அதில் கரைய விட்டார். துணியில் வடித்து, சட்டி நிறையக் குளிர்ந்த தண்ணீரில் ஊற்றிக் கையால் அடித்தார். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். மறுபடி அடி. இப்படி நூற்றெட்டுத் தண்ணீர். ஒவ்வொரு தண்ணீருக்கும் முருகனின் பெயர் ஒன்று. முடிவில் பழுப்பு எண்ணெய் வெண்ணெய் போல் வெளுத்துத் திரளும். அதைத் தடவினால் எந்த வெடிப்பும் மூன்றே நாளில் மூடும். ஏறுபவர்களுக்கெல்லாம் இலையில் வைத்துக் கொடுத்தார். ஏறுபவர் ஒருவரிடமும் காசு வாங்கியதில்லை. பை தீர்ந்தபின், கணவரோடு மரமேறியவர்கள் குங்கிலியம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எண்ணிக்கை தப்பினால் முதல் தண்ணீரிலிருந்து தொடங்குவார். களிம்பு கெட்டுவிடாது, யாருக்கும் தெரியவும் போவதில்லை. ஆனாலும் தொடங்குவார். இது தெரிந்துபோனதுதான் வினை. எதிரே பூக்கடை வைத்திருந்த வேலாத்தாளுக்கு அது தினப்படி வேடிக்கை.

"ஏனுங் அம்மிணி, இது அறுபத்திரெண்டா, எழுபத்திரெண்டா?"

கடைக்காரர்கள் சிரித்தார்கள். அம்மையார் கையை நிறுத்தினார். கணக்குப் போயிருந்தது.

"ஒண்ணுன்னே வெச்சுக்கறேன் ஆத்தா. அவன் பேரை இன்னொருக்கா சொல்ல வெச்சயே, நல்லாயிரு."

பனிக்காலத்துத் தண்ணீரில் ஊறி ஊறி அவர் கைகள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. விரலை மடக்கினால் ரத்தம் கசியும். வேலாத்தாளுக்கே ஒருநாள் பொறுக்கவில்லை.

"அதுல ஒரு பொட்டு எடுத்து உங்க கையில பூசுனா என்னவாமா?"

"கையில நடந்தா மலையேறறாங்க?" என்றார் அம்மையார்.

பத்து மார்கழிகள் இப்படியே போயின. பதினோராவது மார்கழியில், கோயில் நிர்வாகம் பார்த்த மணியக்காரர் சென்னியப்பர் நேராகச் சட்டி முன் வந்து நின்றார்.

"என்ன புள்ள இது?"

"களிம்புங்க."

"எதுல பண்றே?"

"குங்கிலியத்துலீங்க."

"சாமிக்குத் தூபம் போடற பொருளு. அதைக் கொண்டாந்து கண்டவன் குதிகால்ல அப்புறயா? அடுக்குமா உனக்கு?"

அம்மையார் தலை குனிந்தார். கண்ணுக்கு நேரே மணியக்காரரின் குதிகால். பழைய வெடிப்புகள் ஆறி மூடியிருந்தன. மடிப்புகளில் வெள்ளையாக மிச்சம் ஒட்டியிருந்தது. மணியக்காரரின் மனைவி வாரம் ஒரு சிரட்டைக் களிம்பு வாங்கிப் போவது வழக்கம். 'யாருக்குன்னு மட்டும் கேக்காதே மயிலா' என்பார். அம்மையார் கேட்டதில்லை. இப்போது தெரிந்துவிட்டது.

ஒரு வார்த்தை போதும். கடைத்தெருவே கைகொட்டிச் சிரித்திருக்கும். அம்மையார் அதைச் சொல்லவில்லை.

"அவனைப் பாக்க ஏறி வர்ற காலுங்க. அதுக்குப் போடறதும் தூபந்தானுங்களே?"

மணியக்காரர் சட்டியை உதைத்தார். தொண்ணூறு தண்ணீர் கண்ட களிம்பு மண்ணோடு போனது. உதைத்ததும் அதே கால்தான்.

அன்றோடு மடைப்பள்ளி வேலை போயிற்று. சோறும் போயிற்று. குங்கிலியம் எடுப்பவர்கள் இவளுக்கு ஒரு துணுக்குக் கொடுத்தால்கூட மரமேற விடமாட்டேன் என்று மணியக்காரர் சொல்லி அனுப்பினார். மார்கழிக் கிருத்திகைக்கு நாலே நாள். மலை கொள்ளாத கூட்டம் வரும். களிம்பு இல்லை.

மூன்றாம் நாள் காலையில், மரமேறும் ராக்கியப்பன் அம்மையார் குடியிருந்த ஓலைச் சாளைப் பக்கம் பதுங்கி வந்தான். மடியில் குங்கிலியம். அம்மையாரிடம் கொடுப்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஒரு கம்பளி.

"இதைக் குடுத்துட்டு எதைப் போத்துவீங்க?"

"கிருத்திகை முடியட்டும். பாத்துக்கலாம் சாமி."

ராக்கியப்பன் தயங்கினான். வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கும் குளிர்ந்தது.

வெறும் புடவையோடு உட்கார்ந்து அம்மையார் நூற்றெட்டுத் தண்ணீரும் முடித்தார். அன்று வேலாத்தாள் கணக்குக் கேட்கவில்லை. அம்மையாரின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

கிருத்திகை விடிந்தது. முதல் சிரட்டை மணியக்காரரின் மனைவிக்குப் போனது. அந்தம்மாள் நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டார். பிறகு கூட்டம். சட்டியை வழித்து வழித்துக் கொடுத்துவிட்டு அம்மையார் முதல் படியில் சாய்ந்தார். வெயில் ஏறியபின் வேலாத்தாள் வந்து தோளைத் தொட்டாள். உடம்பு விறைத்திருந்தது.

மூடியிருந்த கைகளைப் பிரித்தார்கள். உள்ளங்கைகளில் ஒரு கீறல் இல்லை. பிறந்த குழந்தையின் கைபோல் மெத்தென்று இருந்தன. யாரோ இப்போதுதான் தடவிவிட்டது போல் வெண்களிம்பின் ஈரம் மினுங்கியது.

அதே நேரம் மலைமேலிருந்து குருக்கள் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மணியக்காரரே, வந்து பாருங்கோ. மாலையைக் களைஞ்சேன். சுவாமி கையெல்லாம் வெடிச்சுப் பாளம் பாளமா நிக்கறது. நேத்து இப்படி இல்லை."

மணியக்காரர் ஏறினார். வேலாத்தாளும் பின்னாலேயே ஏறினாள். முருகனின் அபயக் கரத்தைப் பார்த்தாள்.

"இது எங்க அம்மிணி கைங்க. சுண்டு விரல்ல குறுக்கால ஒரு பொளவு இருக்கும் பாருங்க."

இருந்தது.

மணியக்காரர் களைந்த மாலையை மறுபடி சாத்தச் சொன்னார். பிறகு, "கல்லு பழசாயிருச்சு" என்றார். ஒரே வாரத்தில் முருகனின் கைகளுக்கு வெள்ளிக் கவசம் வந்தது. கும்பிட வந்தவர்கள் வெள்ளியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மையாரைப் புதைத்த இடத்தில் ஒரு கல்கூட நடவில்லை.

மணியக்காரர் வீட்டில் மனைவி ஒருநாள் சிரட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அவர் காலுக்குப் பூசிய களிம்பு எங்கிருந்து வந்தது என்று சொன்னார். மணியக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார். கவசத்தைக் கழற்றச் சொல்லவில்லை.

அடுத்த மார்கழியில் அவர் குதிகால்கள் மறுபடி பிளந்தன. அறுநூறு படிகளிலும் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டே ஏறினார்.

கிருத்திகை அபிஷேகத்துக்குக் கவசத்தைக் களையும்போது மட்டும் குருக்கள் அந்த வெடிப்புகளில் நல்லெண்ணெய் தொட்டு வைப்பார். அவை மூடவே இல்லை. மூட வேண்டாம் என்று முருகனே அம்மையாரிடம் வாங்கி வைத்துக்கொண்ட வலி அது.

தன் கையை மறந்து ஊரார் காலைத் தொட்ட மயிலாத்தாள் அம்மையாரின் கைகளை முருகன் மறக்கவில்லை. நாமும் மறவாதிருப்போம்.