வெயில் படாத இடம்

"எது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். திருத்திட்டு வீட்டுக்குப் போறேன்."

தணிகாசலம் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

ரெஜினா தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். அந்த வீடியோ கேம் கம்பெனியில் கதாபாத்திரங்களுக்கு உருவமும் நிறமும் கொடுக்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். அவரிடம் கற்றுக்கொள்வதற்காகவே, கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவன் தணிகாசலம். வந்து பார்த்தால், அவர் எதையும் கற்றுத்தருவதாகத் தெரியவில்லை. கேள்விதான் கேட்கிறார்.

"தப்புன்னு நான் சொல்லவே இல்லையே."

"அப்புறம் ஏன் இளவரசியைத் திருப்பித் திருப்பி அனுப்பறீங்க? இன்னிக்கு முடியலேன்னா அவளை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவாங்க. நான் மறுபடியும் பாறையும் புதரும் வரையப் போகணும்."

"பாறை நல்லாத்தானே வரைஞ்சீங்க."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாசக்கணக்கா இந்த ஏ.சி. ரூம்லயே கிடக்கேன் மேடம். விடியறதுக்கு முன்னாடி வர்றேன், இருட்டினப்புறம் போறேன். வெயிலைக் கண்ணால பார்த்தே எவ்வளவு நாளாச்சு!"

ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாரையும் வரிசையா நிறுத்துங்க."

திரையில் வந்து நின்றார்கள். பால் வெள்ளையில் இளவரசி. சந்தன நிறத்தில் மந்திரி. மாநிறத்தில் படைவீரன். கறுப்பாக, நாற்று நடும் பெண். கடைசியில் சுரங்க அடிமை, எல்லோரையும்விடக் கறுப்பு.

"இந்தப் பொண்ணு ஏன் இவ்வளவு வெளுப்பு?"

"இளவரசியாச்சே! அரண்மனையை விட்டு வெளியே வர மாட்டா. வெயில் படாது."

"இவங்க?"

"நாள் பூரா வயல்ல நிக்கறாங்க. கறுக்காம என்ன செய்வாங்க? ஏழை, பணக்காரன்னெல்லாம் நான் பார்க்கலை மேடம். சூரியனை மட்டும்தான் பார்த்தேன்."

"நல்ல கணக்கு," என்றார் ரெஜினா.

பாறையைத் தவிர்த்தால், அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கதையில இளவரசி என்ன செய்யறா?"

"நாடு கடத்திடறாங்க. பாலைவனத்துல, குதிரையிலயே, வருஷக்கணக்கா..."

வாக்கியம் பாதியில் நின்றது.

"சரி மேடம். கொஞ்சம் கோதுமை நிறம் ஆக்கிடறேன். போதுமா?"

"இவர்?"

"சுரங்க அடிமை. பிறந்ததிலிருந்தே பூமிக்கு அடியில..."



"அப்போ இவரை வெளுத்துடுங்க. உங்க கணக்குதானே?"

"வெளுத்தா அடிமைன்னு யார் மேடம் நம்புவாங்க?"

கத்தியே விட்டான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரெஜினா கையை நீட்டினார்.

"வாட்ச்சைக் கழற்றுங்க."

நேரம் முடிந்துவிட்டது என்கிறார் போலிருக்கிறது. இனி பாறை, புதர்.

கல்லூரி நாளில் கட்டிய வாட்ச். அகலமான தோல் பட்டை. குளிக்கும்போது தவிர அது கையை விட்டு இறங்கியதில்லை. கழற்றிக் கொடுத்தான்.

"வெயில் படாத இடம்தானே அது? இந்த வரிசையில எங்க நிக்குதுன்னு பாருங்க."

தணிகாசலம் மணிக்கட்டைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். பட்டை இருந்த இடம் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வெளுப்புதான். இளவரசியின் கன்னத்தோரம் வைத்தான். எடுத்தான். மந்திரியைத் தாண்டினான். படைவீரனைத் தாண்டினான். நாற்று நடும் பெண்ணிடமும் அது நிற்கவில்லை.

சுரங்க அடிமையிடம் போய் நின்றது. கோடு தெரியாமல் பொருந்தியது.



ரெஜினா வாட்ச்சைத் திருப்பி நீட்டினார். அவன் வாங்கவில்லை.

மணிக்கட்டைத் திரையிலிருந்து எடுக்காமலே, மற்ற கையால் இளவரசியின் நிறப் பெட்டியைத் திறந்தான்.