நாளைய தேதியில் ஒரு கையெழுத்து

கேன் தண்ணீர் கம்பெனியில் பத்து வருஷம் மூடி போட்ட மாசிலாமணி, ஐம்பது வயசில் தண்ணீர்ப் பரிசோதனை கற்றுக்கொள்ள கெமிஸ்ட் பர்வீனிடம் சேர்ந்தார். பர்வீனுக்கு இருபத்தெட்டுதான். ஆனால் லேபுக்குள் அவள்தான் குரு.

அன்றைக்கு மத்தியானம் மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை. நாளை மறுநாள் மகளுக்கு வளைகாப்பு, நாளைக் காலையிலேயே ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதனால் பரிசோதனைப் பதிவேட்டில் நாளையிலிருந்து மூன்று நாளுக்கும் இப்போதே எழுதி முடித்துவிட்டார். உப்பு, சரி. கிருமி, இல்லை. பக்கத்தில் கையெழுத்து.

பர்வீன் பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே இது?"

"தினமும் இதைத்தானே மேடம் எழுதுறோம்? அதே போர்வெல், அதே ஃபில்ட்டர், கிருமியைக் கொல்ற அதே விளக்கு. முன்னாடியே எழுதி வச்சா என்ன தப்பு?"

அவள் பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய பதிவேடு ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

"படிங்க."

"பதினாலு, கிருமி இல்லை. பதினஞ்சு, இல்லை. பதினாறு, பதினேழு, இல்லை. எல்லாத்துலயும் குலசேகரன்னு கையெழுத்து. அடேயப்பா, முத்து முத்தா எழுதியிருக்காரே! யாரு மேடம்?"

"எனக்கு முன்னாடி இருந்த கெமிஸ்ட். பதிமூணாந்தேதி சாயங்காலம் அவரை எரிச்சாச்சு."

மாசிலாமணி கையெழுத்தின் மேல் வைத்திருந்த விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். மை துளிகூட மங்கியிருக்கவில்லை.

"அப்போ... அந்த நாலு நாள் தண்ணி?"

"மிஷின் ஓடுச்சு, கேன் போச்சு. அதிகாரி வந்து இந்தப் பக்கத்தைப் பார்த்துட்டு, எல்லாம் சுத்தம்னு சொல்லிட்டுப் போனார். யார் யார் குடிச்சாங்களோ."

சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு நிரப்புற தண்ணி எங்கண்ணே போகுது?"

"நாப்பது கேன்... என் மக வளைகாப்புக்கு."

தன் பதிவேட்டைக் குனிந்து பார்த்தார். நாளைத் தேதி. கிருமி இல்லை. மாசிலாமணி. அவர் கையெழுத்து அவருக்கு முன்னாலேயே போய் அங்கே உட்கார்ந்திருந்தது. அதற்கும் குலசேகரன் கையெழுத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்குத் தெரியவில்லை. பயம் பிடித்துக்கொண்டது.

பேனாவைத் தேடி எடுத்தார்.

"அடிச்சிடுறேன் மேடம். இப்பவே அடிச்சிடுறேன்."

பர்வீன் பேனாவை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"நாளைத் தேதியை இன்னைக்கு எப்படிண்ணே அடிப்பீங்க? நாளைக்கு வந்து, தண்ணியைப் பார்த்துட்டு அடிங்க."