துடைத்து வைத்த நாற்காலி

பாக்கியவதிக்கு நாற்பத்தாறாவது வயதில் ஒரு குரு வாய்த்தாள். குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் நிறைமதி.

வேலூருக்கு மேற்கே சில ஊர்கள் இருக்கின்றன. வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்தவனை என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கிற ஊர்கள். அவர்களுக்காக ஒரு சின்ன அறக்கட்டளை. பரோட்டாக் கடை மாடியில் ஒற்றை அறை, ஒரு மின்விசிறி, நிறைமதி. அவ்வளவுதான் அறக்கட்டளை.

பாக்கியவதி பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, அஞ்சல் வழியில் சமூகப்பணிப் பட்டம் வாங்கியவள். இந்த வயதிலா என்று நாலு இடத்தில் கதவைச் சாத்தினார்கள். ஐந்தாவது இடம் இது.

முதல் நாளே சங்கடம். தன் கடைசித் தங்கையைவிடச் சின்னவளை எப்படிக் கூப்பிடுவது?

"உங்களை மேடம்னு கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க அக்கா."

அதோடு அந்த விவகாரம் முடிந்தது. பாடம் மட்டும் ஆரம்பிக்கவே இல்லை.

நிறைமதி ஒரு வீட்டுக்குள் போனால் கண்ட இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். கவிழ்த்த வாளி, துவைக்கிற கல், ஒன்றும் இல்லாவிட்டால் மண்தரை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் தானும் ஒரு பிடி எடுத்துக்கொள்வாள். ஒரு காலை எல்லையில் விட்டுவிட்டு வந்த சிப்பாயோடு கிரிக்கெட் பார்ப்பாள். வெயில் தாழ்ந்ததும் எழுந்து, "வரேன்" என்று கிளம்பிவிடுவாள்.

பாக்கியவதி பக்கத்திலேயே நிற்பாள். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த கைத்தறிப் புடவை. வாளியிலோ மண்ணிலோ ஒரு தரம் உட்கார்ந்தால் அன்றைக்கு அது அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் ஒரு நாள் கேட்டாள்.

"மேடம், இது சமூகப்பணியா, கீரை ஆயற வேலையா?"

"கீரை இளசா இருந்துச்சே அக்கா."

"நீங்க ஒரு கேள்விகூடக் கேட்கலை."

"அவங்க பதில் சொல்லிக்கிட்டுத்தானே இருந்தாங்க?"

பாக்கியவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குரு என்றால் ஒன்று சொல்லித்தர வேண்டும், இல்லையா, திட்டவாவது வேண்டும். இவள் இரண்டும் செய்வதில்லை. இப்படியே போனால் தனக்கு அறுபது வயதாகும்போதுதான் வாயைத் திறக்க அனுமதி கிடைக்கும் என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் கஸ்தூரி மாடிப்படி ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் ஹவில்தாரா இருந்து வந்தவரும்மா. ஏகாம்பரம்னு பேரு. மலை மேல பனி சரிஞ்சு கூட இருந்தவங்கள்லாம் போயிட்டாங்க, இவர் மட்டும் பிழைச்சார். வந்ததுல இருந்து பின்கட்டுலயே உட்கார்ந்திருக்கார். சோறு போட்டா சாப்பிடறார். போடலைன்னா கேட்கறதில்லை. ஒரு தரம் வந்து பாருங்க."

நிறைமதி அன்று இன்னொரு சிப்பாயோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். பாக்கியவதி போன் செய்தாள்.

"நாளன்னைக்குச் சேர்ந்து போவோம் அக்கா."

"ஒரு மனுஷரைப் பார்த்துட்டு வரக்கூட எனக்குத் தெரியாதா மேடம்?"

அந்தப் பக்கம் யாரோ நிறைமதியைக் கூப்பிட்டார்கள்.

"சரி, போங்க. அவசரப்படாதீங்க."

மறுநாள் பாக்கியவதி தனியாகப் போனாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல்.

வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. ஏகாம்பரம் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். வழவழவென்று முகச்சவரம். சட்டை கால்சட்டைக்குள். ஃபைலைப் பார்த்ததும் குதிகால்கள் ஒன்று சேர்ந்தன.

"உட்காருங்க மேடம்."

"பரவாயில்லை சார், பஸ்ஸைப் பிடிக்கணும். ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன். உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?"

"நோ பாயிண்ட், மேடம்."

"தூக்கமெல்லாம்?"

"ஓகே மேடம்."

"மனசுக்குக் கஷ்டமா ஏதாவது?"

"நோ பாயிண்ட், மேடம்."

திறந்த கதவு வழியே பாக்கியவதி உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டிலில் ஒரு சுருக்கம் இல்லாத விரிப்பு. வெள்ளைப் பெயிண்டில் பேர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி, பூட்டி, சுவரோரம். அதன் மேல் மடித்த துணிகள், அளவு வாரியாக. கஸ்தூரி சமையலறை நிலைப்படியில் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனை வரை கூடவே வந்தாள்.

"அவ்ளோதானாம்மா?"

"நல்லாத்தாம்மா இருக்கார். நீங்கதான் பயப்படறீங்க. வீட்டை எப்படி வச்சிருக்கார் பாருங்க! எங்க வீட்டுக்காரர் குளிச்ச துண்டைக்கூட மடிக்க மாட்டார்."

கஸ்தூரி சிரிக்கப் பார்த்தாள்.

சாயங்காலம் பாக்கியவதி பெருமையாகச் சொன்னாள். "பார்த்துட்டேன் மேடம். ஒரு பிரச்சினையும் இல்லை. நோ பாயிண்ட்னு வாயைத் திறந்து சொன்னார்."

நிறைமதி டீயைக் கீழே வைத்தாள்.

"பட்டாளத்துல எல்லாரையும் கூட்டி வச்சு, அதிகாரி முன்னால நின்னு கேட்பார். யாருக்காவது பாயிண்ட், அதான் குறை, இருக்கான்னு. அப்ப அத்தனை பேரும் சொல்ற பதில் அது."

"அப்ப அது உண்மை இல்லையா?"

"அது வெறும் பதில், அக்கா."

மறுநாள் விடியற்காலை நிறைமதி முதல் பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனாள். தெரு நிறையச் செருப்புகள் கிடந்தன. ஏகாம்பரம் இரவே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தார்.

பாக்கியவதி அடக்கத்துக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அணைத்தாள். கணவர் ஏதோ சமாதானம் சொல்ல வந்தார். நீங்கள் முதலில் துண்டை மடியுங்கள் என்று சீறினாள். சீறிவிட்டு, அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பூட்டிய பெட்டி. அளவு வாரியாக மடித்த துணி. ஊருக்குக் கிளம்புகிறவன் செய்கிற காரியம் அல்லவா அது? அதற்கல்லவா அவள் சபாஷ் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் பரோட்டாக் கடை மாடி ஏறினாள். அடையாள அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"எனக்கு இந்த வேலை வேண்டாம் மேடம். ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க, போயிடறேன். நான் அவரை என்ன கேட்டிருக்கணும்?"

நிறைமதி அட்டையைப் பைக்குள் போட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"வாங்க."

"எங்கே?"

"கஸ்தூரி அக்கா வீட்டுக்கு. மகள் நேத்து ஓசூருக்குத் திரும்பிட்டா, பிள்ளைக்கு ஸ்கூல். இன்னைக்குத்தான் அவங்க தனியா இருக்காங்க."

"நான் வரலை. என்னைப் பார்த்தாலே அவங்களுக்கு வயிறு எரியும்."

"எரியட்டும்."

பஸ் பிடித்துப் போனார்கள்.

வாசல் தெளித்துக் கோலம் போடாமல் வெறுமனே இருந்தது. வேப்பமரத்தடியில் மண்ணைக்கூடப் பெருக்கியிருந்தாள் கஸ்தூரி. இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். நெற்றி வெறிச்சென்று இருந்தது. முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பாக்கியவதிக்கு எவ்வளவோ தேவலாம்.

"வாங்க மேடம்" என்றாள். "இருங்க" என்று உள்ளே போய் அந்த நீல நாற்காலியை எடுத்து வந்து போட்டாள். கையாலேயே ஒரு தரம் துடைத்தாள். துடைத்த கையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அன்னைக்கு இதை அவர்தான் துடைச்சார். நீங்க வரீங்கன்னு சொன்னதும் பின்கட்டுலேர்ந்து எழுந்து வந்துட்டார். எத்தனை மாசம் கழிச்சு! அவரே ஷேவ் பண்ணார். நிழல் எங்க வரும்னு பார்த்துப் பார்த்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். 'அந்தம்மா உட்காருவாங்களாடி, ரொம்ப நேரம் இருப்பாங்களாடி'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்."

பாக்கியவதி நாற்காலியிலிருந்து ஓரடி தள்ளி நின்றாள்.

"நீங்க போனதும் எடுத்து உள்ளே வச்சுட்டார்."

அவ்வளவுதான் சொன்னாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. நடந்ததைச் சொல்லும் குரல்.

நிறைமதி அதற்குள் மரத்தின் வேரில் உட்கார்ந்திருந்தாள். பாக்கியவதி குருவைப் பார்த்தாள். ஏதாவது சொல்லேன், தாயே! குரு ஒரு வேப்பங்குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

யாராவது பேசித்தானே ஆகவேண்டும். பாக்கியவதி பேசினாள். நின்றபடி, வாய்க்குப் பழகிய வார்த்தையை:

"உங்களுக்கு ஏதாவது உதவி வேணுமாம்மா?"

கஸ்தூரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"ஒண்ணும் வேண்டாங்க மேடம். எல்லாம் சரியா இருக்கு."

பாக்கியவதி அவளைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தாள். சமையலறையில் பாத்திரங்களெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தன, பெரிசிலிருந்து சின்னது வரை வரிசையாக. அடுப்பில் சாம்பல்கூட இல்லை. கொடியில் துணி இல்லை. வாசலோரம் ஆட்டுக்கு அடித்த முளையில் ஆடு இல்லை.

"ஆடு எங்கே?"

"நாத்தனாருக்குக் கொடுத்துட்டேன். இனிமே யாரு பார்க்கறது?"

பூட்டிய பெட்டியும் மடித்த துணியும் பாக்கியவதியின் கண்முன் வந்தன. நாற்காலி பக்கத்தில் இருந்தது. அதில் உட்காரும் துணிச்சல் அவளுக்கு இல்லை. பெருக்கிய மண்ணில், கஸ்தூரியின் காலடியில், கஞ்சி போட்ட புடவை மொடமொடவென்று நொறுங்க உட்கார்ந்தாள்.

"ஐயோ, புடவை அழுக்காயிடும் மேடம். நாற்காலி இருக்குதே."

பாக்கியவதி தலையை மட்டும் ஆட்டினாள். பட்டம் வாங்கப் படித்ததெல்லாம் எங்கே போனதோ.

கஸ்தூரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு அவளும் உட்கார்ந்தாள்.

வேப்பம்பழங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒன்று நாற்காலியில் விழுந்து உருண்டு நின்றது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியவதி கிளம்புவதாக இருந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மெயின் ரோட்டில் போயிற்று. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நிழல் மரத்தைச் சுற்றி வந்துவிட்ட பிறகு கஸ்தூரி சொன்னாள்.

"ராத்திரியானா அந்த நாற்காலியில ஆள் இருக்கற மாதிரியே இருக்கு. நீங்க எடுத்துட்டுப் போயிடறீங்களா?"

பாக்கியவதி குருவைப் பார்த்தாள். நிறைமதி குச்சியைப் போட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"எடுத்துட்டுப் போறோம் அக்கா. நாளைக்கு வந்தா நாங்க எங்க உட்கார்றது?"

நாளைக்கு என்பது எங்கோ தூரத்து ஊரின் பெயர் மாதிரி கஸ்தூரியின் முகத்தில் நின்றது. கடைசியில் உள்ளங்கையால் மண்ணைத் தட்டினாள்.

"இங்கதான்."

"பெருக்கி வைப்பீங்களா?"

"வைக்கறேன்."

"அப்ப சரி" என்று நிறைமதி எழுந்தாள்.

நாற்காலியைப் பாக்கியவதிதான் தூக்கிக்கொண்டாள். பஸ் வந்ததும் கண்டக்டர் பெரிதாகச் சிரித்தான்.

"இன்னாம்மா, சீட்டை வூட்லேர்ந்தே எடுத்தாந்துட்டியா? உனக்கு டிக்கெட் பாதிதான் போ!"

முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இன்னொரு நாளாக இருந்தால் பாக்கியவதி அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டாள். அன்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புடவை முழுக்க மண். இடமெல்லாம் காலியாகியும் அவள் உட்காரவில்லை.

ஊர் நெருங்கும்போது, ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"அன்னைக்கு நான் உட்கார்ந்திருந்தா அவர் இருந்திருப்பாரா, மேடம்?"

நிறைமதி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு நிறுத்தம் போனது. இன்னொரு நிறுத்தமும் போனது. காதில் விழவில்லையோ என்று பாக்கியவதி மறுபடி கேட்க வாயெடுத்தாள்.

நிறைமதி பைக்குள் கையை விட்டு அந்த அடையாள அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"நாளைக்குப் பழைய புடவையா கட்டிக்கிட்டு வாங்க, அக்கா."