வரிசையின் கடைசிப் படகு

கடலில் கயாக் என்ற ஒற்றையாள் துடுப்புப் படகு ஓட்டுகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை அந்தக் கரையில் கூடுவார்கள். சனிக்கிழமை பயிற்சி. ஞாயிறு காலை வளைகுடாவைக் குறுக்காகக் கடந்து எதிர்க்கரைக்குப் போவது. யார் போகலாம், யார் கரையிலேயே நிற்கலாம் என்று சொல்வது ஜெசிந்தா மாஸ்டர். அவளுக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து வரும் சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. போன இரண்டு வருடமும் கரையில் நின்று கையசைத்துவிட்டு ஊர் திரும்பியவர். இந்த வருடம் விடுவதாக இல்லை. மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, துடுப்பால் காற்றைத் துழாவிப் பழகியிருந்தார். அக்கம்பக்கத்தார் அவர் மனைவியிடம் கவலையோடு விசாரித்தார்கள்.

சனிக்கிழமை காலை மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்போதே லைஃப் ஜாக்கெட்டோடு மாஸ்டர் முன்னால் போய் நின்றார்.

“நாளைக்கு நான் வரட்டுங்களா மாஸ்டர்?”

“டீ குடிச்சீங்களா அண்ணே?”

“குடிச்சாச்சுங்க. வரட்டுங்களா?”

அவள் அவர் கையைப் பார்த்தாள். டம்ளரில் டீ அப்படியே இருந்தது.

“இப்ப மிதவை வரைக்கும் போய்த் திரும்புறோம். நீங்க கடைசிப் படகு. உங்களுக்குப் பின்னால யாரும் இருக்கக் கூடாது.”

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதான்.”

படகுகள் கிளம்பின. சென்னியப்பனுக்கு முன்னால் பல் டாக்டர் வேதவல்லி. போன வருடமே எதிர்க்கரை போய் வந்தவர். மெதுவாகத்தான் துடுப்புப் போடுவார். நடுநடுவே நிறுத்திவிட்டுத் தண்ணீருக்குள் எட்டிப் பார்ப்பார்.

“சார், இங்க பாருங்க. அடியில புல்லு வளர்ந்திருக்கு.”

“பாத்துட்டேனுங்க. போலாமா?”

“எங்க பாத்தீங்க? உங்களை மாதிரி ஆளுக்குப் பல்லே பிடுங்க முடியாது சார். ஊசி போடறதுக்குள்ள எழுந்து போயிடுவீங்க.”

முன்னால் போன படகுகள் சிறுத்துக்கொண்டே போயின. சென்னியப்பனுக்குக் கால் மரத்தது. பிடரி அரித்தது. துடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி வைத்தார். இங்கே கிடந்தால் மாஸ்டருக்குத் தன் வேகம் எப்படித் தெரியும்? ஒரே ஒரு தடவை முன்னால் போய் முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடலாம்.

“டாக்டரம்மா, நேரா வந்துட்டே இருங்க. இதோ வந்தர்றேன்.”

வேதவல்லி தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று சென்னியப்பன் பார்க்கவில்லை.

எல்லாப் படகுகளையும் தாண்டினார். “பஸ்ஸைப் பிடிக்கணுமா சார்?” என்று யாரோ கேட்டுச் சிரித்தார்கள். அதுகூட இனித்தது. மூச்சு வாங்க மாஸ்டரின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

“நல்ல வேகம்ண்ணே,” என்றாள் அவள், மிதவையைப் பார்த்தபடியே. “கடைசியில யாரு?”

அவர் படகைத் திருப்பினார். அலை ஏறியது, இறங்கியது. அடுத்த இறக்கத்தில் டாக்டரின் படகு தெரிந்துவிடும் என்று பார்த்தார். தெரியவில்லை. அதற்கடுத்ததிலும் தண்ணீர்தான் இருந்தது.

மாஸ்டர் விசில் ஊதி மற்றவர்களை ஓரிடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு வருவதற்குள் அவர் பாதி தூரம் போயிருந்தார்.

விசைப்படகு ஒன்று கிளப்பிவிட்டுப் போன அலையில் டாக்டரின் கயாக் கவிழ்ந்திருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். தாடை நடுங்கியது.

“கவிழ்ந்ததுமே கூப்பிட்டேன் சார். நீங்க பின்னாடிதான் இருக்கீங்கன்னு கூப்பிட்டுட்டே இருந்தேன்.”

மாஸ்டரும் வந்து சேர, இருவருமாகப் படகை நிமிர்த்தி டாக்டரை ஏற்றினார்கள். மாஸ்டர் எல்லோரையும் கரைக்குத் திருப்பினாள்.

சாயங்காலம் மீன் பொரித்தார்கள். வேதவல்லி போர்வையைச் சுற்றிக்கொண்டு, தான் கவிழ்ந்த கதையை நடித்துக் காட்டினார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தக் கதையில் சென்னியப்பன் வரவேயில்லை. அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். போய்ப் பையைக் கட்டினார்.

மாஸ்டர் குழாயடியில் லைஃப் ஜாக்கெட்டுகளை அலசிக்கொண்டிருந்தாள்.

“கிளம்பறேனுங்க. நாளைக்கு நான் வரலை.”

“டாக்டரம்மா வர்றாங்க. கடைசிப் படகுக்கு ஆள் வேணுமே அண்ணே.”

“என்னைத் தவிர யாரை வேணாலும் போடுங்க மாஸ்டர். அதுக்கு லாயக்கில்லாத ஆளு நானுங்க.”

அவள் ஒரு ஜாக்கெட்டைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டாள்.

“திரும்பிப் பாத்து, வெறும் தண்ணியைப் பாத்தவரு இந்தக் கூட்டத்துல நீங்க ஒருத்தர்தாண்ணே.”