கணவாயில் இல்லாத புலி

ஒரு காட்டை நடுவே ஒரு மலை மறித்துக்கொண்டு கிடந்தது, பிள்ளைகளே. மலைக்குக் கிழக்கே நெல்லிக்காய் கொட்டிக் கிடக்கும். மேற்கே கிழங்கு கொட்டிக் கிடக்கும். கிழக்குச் சந்தையில் ஒரு கிழங்கைக் கொடுத்தால் நாலு நெல்லிக்காய். மேற்குச் சந்தையிலோ ஒரு நெல்லிக்காய்க்கு நாலு கிழங்கு!

இந்த விலை வித்தியாசம் ஈட்டியன் என்ற முள்ளம்பன்றிக்கு மட்டும்தான் தெரியும். மலை நடுவே கணவாய் வழியைக் கண்டுபிடித்தவன் அவன்தான். கிழங்கோடு கிழக்கே போவான், நெல்லிக்காயோடு மேற்கே வருவான். கொள்ளை லாபம்.

வேறு யாராவது அந்த வழியில் வந்துவிட்டால் பிழைப்பில் மண் விழுமே! அதனால் கணவாயில் ஒரு புலி இருக்கிறது என்று இரண்டு பக்கமும் புளுகி வைத்தான். முள்ளுக்குப் பயந்து அது தன்னை மட்டும் விட்டுவிடுகிறதாம். எல்லாரும் நம்பினார்கள்.

மேற்கே பஞ்சி என்றொரு முயல் இருந்தாள். சந்தை நாளில் அவனுக்கென்று நிழலில் இடம் பிடித்து வைப்பாள். ஒருநாள் அவள் கேட்டாள்: "அண்ணே, தனியா நடக்கிறீங்களே, பேச்சுத் துணைக்கு நானும் வரட்டுமா?"

ஈட்டியனுக்கு ஆசைதான். ஆனால் கிழக்கு விலையை அவள் பார்த்துவிட்டால்?

"புலி இருக்கும்மா. உனக்கு முள்ளா இருக்கு?" என்று சொல்லிவிட்டுத் தனியே நடந்தான்.

கணவாயிலேயே அவனுக்கு வளை. உள்ளே கிழங்கும் நெல்லியும் குவிந்துகொண்டே போயின. சாப்பிடும்போது எதிரே உட்கார ஒரு ஜீவன் இல்லை. சில நாள் கிழங்கோடு பேசிக்கொண்டிருப்பான், பாவம்.

ஒரு கோடையில் அவனுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. எழுந்திருக்க முடியவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் இரண்டு நாள் கிடந்தான்.

மூன்றாம் நாள் சந்தை. அவனைக் காணாமல் பஞ்சி தவித்துப்போனாள். நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு, சுரைக்குடுக்கையில் தண்ணீரோடு மலையேறினாள்.

"அண்ணே! ஈட்டியண்ணே!"

வளைக்குள் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. நம்மைத் தேடிக்கூட ஆள் வருகிறதே என்று ஈட்டியனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கணவாய் வாசலில் காலடிகள் நின்றன.

"இதுக்கு மேல போக வேண்டாம்," என்றது கூட வந்த மான். "முள் இருக்கிறவனையே புலி அடிச்சிட்டுது. நாம எம்மாத்திரம்?"

புலி இல்லை என்று கத்தப் பார்த்தான் ஈட்டியன். வறண்ட தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. பஞ்சி விசும்பிக்கொண்டே இறங்கிப் போவது அவனுக்குக் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

நீதி: லாபத்துக்காகப் பிறர் வழியை அடைப்பவன், தன்னைத் தேடி வரும் துணைக்கும் வழியை அடைத்துவிடுகிறான்.